அக்யூட்டுக்கு எதிர்ச்சொல் மைல்டு இல்லையாம்!

அம்மாவின் மருத்துவச் சீட்டில் 'அக்யூட் பிராங்கைட்டிஸ்' என்று இருந்தது. பிராங்கைட்டிஸ் என்றால் மூச்சுக்குழாய் அழற்சி. அகராதியைப் புரட்டினேன். அக்யூட் என்றால் 'கடுமையான' என்று போட்டிருந்தது. அப்போ இதற்கு எதிர்ச்சொல் மைல்டுதானே என்று நானே முடிவு கட்டிக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பள்ளியில் படித்த ஞாபகமும் குழப்பியது. கணக்கில் அக்யூட் என்றால் குறுங்கோணம், அதற்கு எதிர் விரிகோணமான அப்டியூஸ். அது இங்கே எதற்கு உதவும்?

மறுமுறை போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "திடீரென்று வந்தது, சில வாரத்தில் போய்விடும். அதுதான் அக்யூட்" என்றார். எதிர்ச்சொல் க்ரானிக், அதாவது நாள்பட்டது. கிரேக்க மொழியில் க்ரோனோஸ் என்றால் காலம் என்று தெரிந்ததும் பளிச்சென்று விளங்கியது. இந்த ஜோடி அளப்பது காலத்தை. கடுமையைச் சொல்ல சிவியர், மைல்டு என்று வேறு ஜோடி இருக்கிறது.

ஒரு தாளில் 'எத்தனை நாளாக?', 'எவ்வளவு கடுமை?' என்று இரண்டு கேள்வி எழுதி, வார்த்தைகளை அதனதன் கீழே போட்டேன். சாதாரண ஜலதோஷம்கூட அக்யூட்தான்! சளியோடு வரும் இருமல் வருடத்துக்கு 3 மாதமாவது என்று தொடர்ந்து 2 வருடம் இருந்து, அதற்கு வேறு காரணமும் இல்லாவிட்டால்தான் க்ரானிக் பிராங்கைட்டிஸ் என்கிறார்கள். அம்மாவுக்கோ இருமல் வந்து 9 நாள்தான் ஆகியிருந்தது.