எம்.இ. வயர்லெஸ் கம்யூனிகேஷன்: கோட்டில் புள்ளி உட்காரும்வரை படிக்கும் முறை

அட்வான்ஸ்டு டிஜிட்டல் கம்யூனிகேஷனில் ஒரு பாடம் புரிந்துவிட்டதா என்று பார்க்க நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. பாடத்தில் வரும் பிட் பிழை விகிதச் (அனுப்பிய பிட்டுகளில் தப்பாக வருபவற்றின் பங்கு) சூத்திரத்தைக் கோடாக வரையுங்கள். அதே அமைப்புக்கு நீங்களே நிரல் எழுதி ஓட்டி, கிடைக்கும் புள்ளிகளை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். புள்ளிகள் கோட்டில் உட்கார்ந்தால் பாடம் புரிந்தது. அரை டெசிபெல் தள்ளி நின்றாலும் எங்கோ இடிக்கிறது, விடாதீர்கள்.

செமஸ்டர் தொடங்கும் முன் இரண்டு வாரம் ராண்டம் பிராசஸ் (தற்செயலாக மாறும் சிக்னல்களின் கணிதம்) பார்த்துவிடுங்கள். காஸியன் பரவல், ஆட்டோ கோரிலேஷன், பவர் ஸ்பெக்ட்ரல் டென்சிட்டி மூன்றும் கைக்கு வந்தால் போதும். மென்பொருளுக்குச் செலவில்லை. ஆக்டேவ் அல்லது பைத்தான், இரண்டும் இலவசம்.

முதலில் பிபிஎஸ்கே, அதாவது ஒவ்வொரு பிட்டையும் அலையின் இரண்டு எதிரெதிர் நிலைகளில் ஒன்றாக அனுப்பும் முறை. பிட்டுகளை +1, -1 ஆக்கி, நாய்ஸ் சேர்த்து, பூஜ்ஜியத்துக்கு மேலா கீழா என்று முடிவெடுத்து, பிழைகளை எண்ணுங்கள். ஈபி/என்நாட் (ஒரு பிட்டின் எனர்ஜிக்கும் நாய்ஸ் அடர்த்தியான என்நாட்டுக்கும் உள்ள விகிதம்) 0 டெசிபெல்லில் 0.079, 4 டெசிபெல்லில் 0.0125, 8 டெசிபெல்லில் 0.00019 வர வேண்டும். ஒரு புள்ளியை நம்ப வேண்டுமானால் குறைந்தது 100 பிழையாவது எண்ணியிருக்க வேண்டும். 9.6 டெசிபெல்லில் லட்சத்துக்கு ஒரு பிழைதான் வரும், அதனால் 1 கோடி பிட் ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் லேப்டாப் திணறும். 10 லட்சமாகப் பிரித்து ஓட்டுங்கள்.

புள்ளிகள் தள்ளி நின்றால், எத்தனை டெசிபெல் தள்ளி நிற்கின்றன என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சரியாக 3 டெசிபெல் வலப்பக்கம் போயிருந்தால் நாய்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு அச்சிலும் நாய்ஸின் வேரியன்ஸ் என்நாட்டில் பாதி, நீங்கள் முழுசாகப் போட்டிருப்பீர்கள். 16-குவாமில் (16 வகைச் சிம்பல்களில் ஒன்றை ஒவ்வொரு தடவையும் அனுப்பும் முறை) 6 டெசிபெல் வலப்பக்கம் போனால் சிம்பல் எனர்ஜியையும் பிட் எனர்ஜியையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். ஒரு சிம்பலில் 4 பிட் இருக்கிறது. அதன் ±1, ±3 அளவுகளை 10-இன் வர்க்கமூலத்தால் வகுக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிற தப்பு. இவற்றைவிட ஆபத்தானது இடப்பக்கம் தள்ளுவது. அரை விகிதக் கோடிங்கில் (பிழை திருத்த, ஒரு தகவல் பிட்டுக்கு இரண்டு பிட் அனுப்பும் முறை) அனுப்பப்படும் ஒவ்வொரு பிட்டுக்கும் தகவல் பிட்டின் எனர்ஜியில் பாதிதான் கிடைக்கும். அதை மறந்தால் வரைபடம் 3 டெசிபெல் நன்றாகத் தெரியும், சந்தேகமே வராது, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அப்படியே ஏறிவிடும். முடிவு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தால் இரண்டு தடவை பாருங்கள்.

அடுத்து ரேலே ஃபேடிங், அதாவது பல வழிகளில் வரும் அலைகள் கலந்து சிக்னல் ஏறி இறங்குவது. இரண்டு காஸியன் எண்களை நிஜப் பகுதி, கற்பனைப் பகுதியாக்கி 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சானல் தயார். இப்போது 20 டெசிபெல் கொடுத்தும் பிழை 0.0025-இல் நிற்கும். ஆன்டெனா இரண்டாக்கி மேக்ஸிமல் ரேஷியோ கம்பைனிங் (பலமான சிக்னலுக்கு அதிக எடை கொடுத்து இரண்டையும் கூட்டுவது) செய்தால் 0.00002 அளவுக்கு இறங்கும். ஒரே தகவலைப் பல வழிகளில் பெறும் டைவர்சிட்டி என்ற சொல்லின் அர்த்தம் மொத்தமும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது.

டாப்ளரை (நகர்வதால் அலைவரிசை மாறும் அளவு) அவிநாசியிலிருந்து பெருந்துறை போகும் பஸ்ஸில் வைத்து யோசியுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸில் டாப்ளர் 120 ஹெர்ட்ஸ், சானல் மாறாமல் இருக்கும் நேரம் ஏறத்தாழ 3.5 மில்லிசெகண்ட். எல்டிஇ (4ஜி) சப்ஃப்ரேம் (1 மில்லிசெகண்ட் துண்டு) ஒவ்வொன்றிலும் பைலட் (சானலை அளக்க அனுப்பும், முன்பே தெரிந்த சிக்னல்) ஏன் வைக்கிறார்கள் என்பதற்கு இதுவே பதில். ஓஎஃப்டிஎம்மில் (தகவலைப் பல சிறு அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் முறை) சைக்ளிக் ப்ரிஃபிக்ஸையும் (சிம்பல்கள் கலக்காமலிருக்க முன்னால் விடும் காப்பு நேரம்) தூரமாக மாற்றிப் பாருங்கள்: 4.7 மைக்ரோசெகண்ட் என்றால் 1.4 கிலோமீட்டர். மலைச்சரிவில் பட்டு வரும் அலை நேர்வழியைவிட அதற்கு மேல் சுற்றி வந்தால் அடுத்த சிம்பலில் கலக்கும். அப்போது பவரைக் கூட்டினாலும் பிழை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது.

மினி ப்ராஜெக்ட்டுக்கு நம் ஊரில் ஆய்வுக்கூடம் வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பில் லோரா (குறைந்த பவரில் நெடுந்தூரம் போகும் ரேடியோ முறை) சிக்னல் எவ்வளவு இழக்கிறது என்று அளந்து பாருங்கள். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள போர்டு இரண்டு, 8.7 சென்டிமீட்டர் கால்-அலை ஆன்டெனா இரண்டு, 2 மீட்டர் பிவிசி பைப் இரண்டு போதும். ஆன்டெனாவை மாட்டாமல் கரண்ட் கொடுக்காதீர்கள், பவர் ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம்.

பேண்ட்விட்த் 125 கிலோஹெர்ட்ஸ், ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (சிக்னலை எவ்வளவு நீட்டி அனுப்புகிறோம் என்ற எண்) 12, பவர் 14 டிபிஎம் (1 மில்லிவாட்டை ஒப்பிட்ட டெசிபெல்) என்று வையுங்கள். நாய்ஸ் மட்டத்தைக் கையாலேயே போடலாம்: -174 உடன் (ஒரு ஹெர்ட்ஸுக்கான வெப்ப நாய்ஸ், டிபிஎம்மில்) பேண்ட்விட்த்துக்கு 51 கூட்டினால் -123, ரிசீவரின் நாய்ஸ் ஃபிகர் (ரிசீவரே சேர்க்கும் நாய்ஸ்) 6 கூட்டினால் -117. ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 12-க்கு சிக்னல் நாய்ஸைவிட 20 டெசிபெல் கீழே போனாலும் தாங்கும், ஆகவே -137 டிபிஎம் வரை பிடிக்கும்.

25, 50, 100, 200, 400 மீட்டரில் நின்று அளங்கள். ஒவ்வொரு இடத்திலும் பைப்பைச் சில மீட்டர் நகர்த்தி நகர்த்தி 20 ரீடிங் எடுங்கள். அலைநீளம் 35 சென்டிமீட்டர்தான், ஒரே இடத்தில் நின்றால் ஃபேடிங் பள்ளத்தில் மாட்டலாம். சராசரியை மில்லிவாட்டுக்கு மாற்றித்தான் எடுக்க வேண்டும். டிபிஎம் எண்களை அப்படியே கூட்டி வகுத்தால் குறைத்துக் காட்டும். எஸ்என்ஆர் (சிக்னல்-நாய்ஸ் விகிதம்) மைனஸில் போனால் ஆர்எஸ்எஸ்ஐயோடு (போர்டு காட்டும் சிக்னல் பலம்) அதையும் கூட்டினால்தான் உண்மையான சிக்னல் பலம் வரும். பைப்புக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது.

இழப்பு முழுவதையும் மரத்தின் தலையில் போடுவதுதான் இந்த ப்ராஜெக்ட்டில் பெரிய பிழை. இரண்டு ஆன்டெனாவும் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் 46 மீட்டர் தாண்டியதுமே தரையில் பட்டு வரும் அலை வேலையைக் காட்டத் தொடங்கும். மரமே இல்லாவிட்டாலும் அதற்கப்புறம் தூரம் பத்து மடங்கானால் 40 டெசிபெல் போகும். அதனால் முதலில் அறுவடை முடிந்த சோளக்காட்டில் அதே உயரம், அதே தூரங்களில் ஒரு செட் அளந்துகொள்ளுங்கள். தோப்பு ரீடிங்கை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் தென்னையின் கணக்கு. மரங்கள் 25 அடி இடைவெளியில் வரிசையாக இருப்பதால் 100 மீட்டருக்குப் பதின்மூன்று மரம் வரும். மரத்துக்கு எத்தனை டெசிபெல் என்றே எழுதலாம். ஆனால் வரிசைக்கு இடையில் உள்ள சந்து வழியாக அளக்காதீர்கள், குறுக்காகப் போங்கள். மழை பெய்த மறுநாள் இன்னொரு செட் எடுத்துவையுங்கள், ஈர மட்டை வேறு கணக்குச் சொல்லும்.

பரீட்சையில் 13 மார்க் கேள்விக்கு டெரிவேஷனை எழுதுவதோடு நிறுத்தாமல், கடைசியில் வரைபடத்தை வரைந்து அச்சில் எண்களைக் குறியுங்கள். மேலே சொன்ன வேலைகளைச் செய்தவர்களுக்கு அந்த எண்கள் மனப்பாடம் செய்யாமலே கையில் வரும்.