கால்னு எழுதும்போதும் படிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் எங்க ஃபேமிலி குரூப்ல தம்பி ஒரு மெசேஜ் போட்டான், "அம்மா கால் கட் ஆயிடுச்சு". மெட்ரோல சுரங்கத்துக்குள்ள போகும்போது அம்மாகிட்ட பேசிட்டு இருந்த லைன் போயிடுச்சு, அவ்ளோதான் விஷயம், ஆனா பெரம்பூர்ல இருக்குற சித்தி அதைப் படிச்சிட்டு அம்மாவுக்கு ஏதோ ஆக்சிடென்ட்னு நினைச்சு அழுதுகிட்டே ஆட்டோ ஏறிட்டாங்க. அம்மாவே வந்து கதவைத் திறந்ததும்தான் அவங்களுக்கு உயிர் வந்துச்சு. தயவு செஞ்சு தமிழ்ல டைப் பண்ணும்போது "போன் கட் ஆயிடுச்சு", "லைன் போயிடுச்சு"ன்னு போடுங்க.

அடுத்தது, ஆஸ்பத்திரில போய் "கால் வலிக்குது"ன்னு மட்டும் சொல்றது. நம்ம பேச்சுல இடுப்புக்குக் கீழ ஆரம்பிச்சு விரல் நுனி வரைக்கும் எல்லாமே கால்தான், செருப்பு கடிச்சாலும் கால்லதான் கடிக்குது, அப்புறம் டாக்டர் எங்கன்னு பார்ப்பாரு? தொடையா, முட்டியா, கெண்டைக்காலா, கணுக்காலா, குதிகாலான்னு இடத்தைச் சொல்லணும். கணுக்காலையும் குதிகாலையும் மாத்திச் சொல்றவங்க நிறைய பேர். குதிகால்னா பின்பக்கம் தரையில ஊன்றது. கணுக்கால் எதுன்னு மறக்கவே கூடாதுன்னா பொங்கல் கரும்பை நினைச்சுக்கோங்க, உடைக்கும்போது நடுநடுவுல புடைச்சு கெட்டியா ஒரு வளையம் வருமே, பல்லு இறங்காதே, அதுதான் கணு. இப்ப குனிஞ்சு உங்க காலைப் பாருங்க, பாதம் வந்து சேர்ற இடத்துல அதே மாதிரி புடைப்பு இருக்கும். பேரு வெச்சவங்க எவ்ளோ உன்னிப்பா பார்த்திருக்காங்க!

எழுத்துல வர்ற தப்பு சென்னைல தெருவுக்குத் தெரு போர்டுலயே இருக்கு. வீடுங்க இருக்குற காலனிக்கு ரெண்டு சுழி ன, அது இங்கிலீஷ்லேந்து வந்த வார்த்தை. மூணு சுழி போட்டு காலணின்னு எழுதினா செருப்பு, கால்ல அணியறது. அட்ரஸ்ல "ரயில்வே காலணி"ன்னு பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேக்காது. நாற்காலியும் அப்படித்தான், நாலு கால் இருக்கறதால நாற்காலி, ற்-க்கு பக்கத்துல இன்னொரு க் வராது, "நாற்க்காலி" தப்பு. அந்தக் காலிக்கும் "வீடு காலி"ங்கற காலிக்கும் சம்பந்தம் கிடையாது, வீட்டுக் காலி அரபில பிறந்து உருது வழியா வந்தது.

கணக்குல கால்னா நாலுல ஒரு பங்கு. சமஸ்கிருதத்துலயும் பாதம்ங்கற சொல்லுக்கு காலடி, நாலுல ஒண்ணு ரெண்டு அர்த்தமும் உண்டு, சவுகார்பேட்டைல கால் கிலோவுக்கு "பாவ் கிலோ"ன்னு கேக்குறாங்களே அந்த பாவ் இதுலேந்து வந்ததுதான். இதுல அரைக்கால்னு படிச்சா பாதிக் கால்னு நினைச்சுடுறாங்க, பழைய கணக்குல அது காலுல பாதி, அதாவது 1/8. ஆனா அரைக்கால் சட்டைக்கு இந்தக் கணக்கைப் போடாதீங்க, அங்க சட்டை நிஜக் காலுல பாதி வரைக்கும் வருது.

கால்னாலே உடம்புல இருக்குற கால்னு எடுத்துக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. கல்யாணத்துக்கு நடுற பந்தக்கால்ல கால்னா கம்பம், ஆயிரங்கால் மண்டபத்துல தூண். பக்கிங்காம் கால்வாய், வயலுக்குப் போற வாய்க்கால், இங்கெல்லாம் தண்ணி ஓடுற வழி. நாம எழுதற 'கா'வுல பக்கத்துல நிக்குதே ஒரு குறி, அதுக்கும் துணைக்கால்னுதான் பேரு. போன வாரம் என் பொண்ணு 496ஆவது குறளை மனப்பாடம் பண்ணிட்டு இருந்தா, "கடலோடா கால்வல் நெடுந்தேர்"னு சொல்லிட்டு நிறுத்தி "தேருக்கு ஏதுப்பா கால்?"னு கேட்டா. சக்கரம்டா கண்ணு, பலமான சக்கரம் வெச்ச பெரிய தேர் கடல்ல ஓடாதுன்னு சொல்றாருன்னேன். உடனே நோட்டுல கால்ங்கறதுக்கு மேல பென்சில்ல சின்னதா ஒரு வட்டம் வரைஞ்சு உள்ள ஆரமும் போட்டுட்டா.