யாருக்கு எவ்வளவு? பரிசுக் கணக்கில் என் அனுபவம்

முன்பெல்லாம் விசேஷத்துக்கு முதல் நாள்தான் பரிசு வாங்க ஓடுவேன். அவசரத்தில், அதிகம் பழகாத ஒருவருக்குப் பெரிய தொகை போய்விடும். அடுத்த மாதம் நெருங்கிய தோழியின் பிறந்தநாளுக்குக் கையில் காசு இருக்காது. அது மனதை ரொம்ப உறுத்தியது.

ஒருநாள், கடந்த 12 மாதங்களில் யாருக்கு என்ன கொடுத்தேன் என்று எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சங்கடத்துக்காகக் கொடுத்தவை! அப்புறம் கணக்கையே திருப்பிப் போட்டேன். ஆளுக்கு எவ்வளவு என்று தொடங்காமல், ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு முடியும் என்று முதலில் முடிவு செய்தேன். அதை 12ஆகப் பிரித்து மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கிறேன். அதில் ஐந்தில் ஒரு பங்கு திடீர் அழைப்புகளுக்கு. மீதியில் பெரும்பகுதி வீட்டாருக்கும் உயிர் நண்பர்களுக்கும். அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே பரிசாக வாங்குகிறோம்.

குழந்தைகள் விஷயம் வேறு. அக்கா பிள்ளைகள் இருவருக்கும் ஒரே தொகைக்குத்தான் வாங்கினேன். ஆனாலும் சின்னவள் அழுதாள். அவளுக்கு விலை தெரியாது, அண்ணனுடைய பெட்டி பெரிது என்பதுதான் தெரிந்தது. இப்போது பெட்டியின் அளவையும் பார்த்து வாங்குகிறேன்.

எனக்குக் கடினமாக இருந்தது, யாராவது விலை உயர்ந்த பரிசு தந்தால் அதே அளவுக்குத் திருப்பித் தராமல் இருப்பதுதான். இப்போது மனதாரக் கைப்பட ஒரு கடிதம் எழுதி, என்னால் முடிந்ததையே தருகிறேன். யாரும் இதுவரை முகம் சுளிக்கவில்லை.

தோழிக்கு? 3 ஆண்டுகளாக அவள் ஆசைப்பட்ட கைக்கடிகாரத்தை இந்த முறை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.