ஜாலி பாய் தீவு, ஹேவ்லாக் டைவிங்: நம்மாளுங்க பண்ற தப்புகள்

அந்தமான் போறவங்க பாதிப்பேர் வாண்டூர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுல போய் ஸ்கூபா டைவிங் அடிக்கலாம்னு நினைச்சுட்டுப் போறாங்க, அங்கதான் முதல் தப்பு. டூரிஸ்டா போனா அங்க கெடைக்கிறது அடியில கண்ணாடி வெச்ச போட்ல போய்ப் பார்க்குறதும், மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிட்டு மேலாப்புல மிதக்குற ஸ்நார்க்கலிங்கும்தான். டைவிங் கடைங்க பெரும்பாலும் ஹேவ்லாக், நீல் தீவுங்க பக்கம். ஃபெர்ரி டிக்கெட்ல ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப், நீலுக்கு ஷஹீத் த்வீப்னு புதுப்பேர் இருக்கும், பார்த்துட்டு குழம்பாதீங்க.

1983ல அறிவிச்ச பூங்கா இது, 15 தீவு இருக்கு, ஆனா நம்மள விடுறது ரெண்டே ரெண்டுலதான், ஜாலி பாய், ரெட் ஸ்கின், அதுவும் ரெண்டும் ஒரே நேரத்துல திறந்திருக்காது. சுமாரா நவம்பர்ல இருந்து மே பாதி வரைக்கும் ஜாலி பாய், மழைக்காலத்துல ரெட் ஸ்கின், ஒண்ணுல ஆள் போறப்ப இன்னொண்ணுல பவளப்பாறைக்கு ஓய்வு. இது தெரியாம ஜூலைல போய் ஜாலி பாய் ஏன் இல்லன்னு சண்டை போடுறவங்கள என்ன சொல்ல. திங்கக்கிழமை லீவு வேற. வனத்துறை பர்மிட் தனியா எடுக்கணும், போட் காலையிலயே கெளம்பிடும், டிசம்பர் சீசன்ல கடைசி நேரத்துல போய் நின்னா கெடைக்காது, அதனால டிராவல்ஸ்காரர் பார்த்துக்குவாருன்னு விடாம பர்மிட் கையில வந்துச்சான்னு நீங்களே கேட்டுக்கோங்க.

பிளாஸ்டிக் விஷயத்துல போட் ஏறுற துறையிலயே பையைத் திறந்து பார்ப்பாங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், சிப்ஸ் பாக்கெட் எதுவும் போகாது. தீவுல கடையும் கெடையாது, அதனால சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவுல கட்டிட்டுப் போங்க, பசியோட திரும்பி வந்து புலம்புற குடும்பங்க நிறைய.

தண்ணில எறங்குனதும் பண்றதுதான் பெரிய தப்பு, மாஸ்க்குக்குள்ள கொஞ்சம் தண்ணி புகுந்ததும் பதறிப்போய் கீழ இருக்குற பவளப்பாறை மேல கால வெச்சு நிக்கிறது. பார்க்கக் கல்லு மாதிரி இருந்தாலும் அது உயிருங்க, உருண்டையா பெருசா வளர்ற வகையெல்லாம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம், நீங்க ஒரு தடவை மிதிச்சு ஒடச்சது திரும்ப வர பல வருஷம் ஆகும். அதுவும் 2010ல, 2016ல கடல் சூடாகி ஏற்கனவே நிறைய வெளுத்துப்போன பாறைங்க. மாஸ்க்ல தண்ணி வந்தா மல்லாக்கப் படுத்துருங்க, லைஃப் ஜாக்கெட் தாங்கிக்கும், கைய தூக்குனா கைடு வந்துருவாரு. கரையோரம் வெறும் மணல் இருக்குற இடத்துல முதல்லயே மாஸ்க் போட்டுப் பழகிட்டா இந்தப் பிரச்சனையே வராது. சன்ஸ்க்ரீனை அப்பிக்கிறதுக்குப் பதிலா ரேஷ் கார்டுங்கிற முழுக்கை நீச்சல் சட்டை போடுங்க, முதுகும் கருகாது கடல்லயும் கெமிக்கல் கரையாது.

மீனுக்கு பிரெட் போடாதீங்க, போட்காரரே குடுத்தாலும் வேணாம்னு சொல்லுங்க. ஆமையைக் கண்டா கோப்ரோ கேமராவைத் தூக்கிட்டு வெரட்டாதீங்க, அது மூச்சு விட மேல வந்தாகணும், நீங்க வழியை மறிச்சா என்ன பண்ணும் பாவம். கடல்பசு காட்டுறேன்னு யாராவது கேரண்டி குடுத்தா நம்பாதீங்க, அந்தமானோட மாநில விலங்குன்னு பேரு இருக்கே தவிர பார்க்குறது ரொம்ப அபூர்வம். முதலை போர்டு இருந்தா மட்டும் சத்தியமா நம்புங்க, 2010ல ஹேவ்லாக்ல ஸ்நார்க்கலிங் பண்ணிட்டிருந்த வெளிநாட்டுப் பொண்ணு ஒருத்தங்க முதலை அடிச்சு செத்துட்டாங்க.

செத்த பவளம்தானேன்னு ஒரு துண்டைப் பையில போட்டுட்டு வர்றதும் குத்தம்தான், பவளப்பாறை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, ஏர்போர்ட் ஸ்கேனர்ல மாட்டுனா பறிமுதல் மட்டுமில்ல கேஸும் வரலாம். சங்கு, சிப்பி கடையில வாங்குனா பில்லைத் தொலைக்காதீங்க.

இப்ப ஹேவ்லாக் டைவிங். நீச்சல் தெரியாதவங்களும் பயிற்சியாளரோட எறங்கலாம், அது பிரச்சனையில்ல, ஆனா மெடிக்கல் ஃபார்ம்ல ஆஸ்துமா இல்ல, காது ஆபரேஷன் இல்லன்னு பொய்யா டிக் அடிக்காதீங்க. சளி இருந்தா காது அடைப்பு எடுக்காது, அன்னிக்கு விட்டுருங்க. காது வலிக்க ஆரம்பிச்ச பிறகு மூக்கைப் பிடிச்சு ஊதுறது லேட், காதுல ஏறுற அழுத்தம் சரியாக எறங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஊதணும். எல்லாத்தையும் விட முக்கியம், மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்குறத விட ரெண்டு மடங்கு, அங்க நெஞ்சு நிறைய காத்தை இழுத்து அடக்கிக்கிட்டே மேல வந்தா அந்தக் காத்து ரெட்டிப்பா விரியப் பார்க்கும், நுரையீரல் தாங்காது.

அப்புறம் ஃபிளைட் கணக்கு, இதுலதான் நம்மாளுங்க பிளானே சொதப்பும். முதல் ரெண்டு நாள் சுத்திப்பார்த்துட்டு கடைசி நாள் டைவ், மறுநாள் விடியக்காலை சென்னை ஃபிளைட்னு போட்டு வெச்சிருப்பாங்க. ஒரே ஒரு டைவ்னா பறக்குறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலன்னா 18 மணி நேரம் விடணும், இல்லன்னா ஃபிளைட் மேல போனதும் உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழியா மாறி ஆளையே படுக்க வெச்சுரும். அதனால டைவிங்கை டிரிப்போட ஆரம்பத்துலயே முடிச்சுட்டு செல்லுலார் ஜெயிலைக் கடைசி நாளுக்கு வெச்சுக்கோங்க, டிசம்பர் சமயத்துல சாயங்காலம் அஞ்சு, அஞ்சரைக்கே இருட்டிரும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.