ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வரவில்லையா? பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போகும் காகிதத்தில் பார்க்க வேண்டியவை

ஜாமீன் உத்தரவு வந்ததும் பெங்களூரு மத்தியச் சிறையான பரப்பன அக்ரஹாராவின் வாசலுக்கு ஓடாதீர்கள். பாதி வேலை இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. நாட்டின் சிறைகளில் நான்கில் ஒன்றுக்கும் மேலான பணியிடங்கள் காலி. கைதிகளோ 2022 இறுதிக் கணக்குப்படி கொள்ளளவில் 131 சதவீதம். விடுதலைக் காகிதத்தில் சந்தேகம் வந்தால் கோர்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்க அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை. தவறான ஆளை வெளியே விட்டால் வேலைக்கே ஆபத்து. ஒருவரை இரண்டு நாள் கூடுதலாக வைத்திருந்தால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதனால் சந்தேகக் காகிதம் ஓரமாகப் போய்விடும்.

ஷ்யூரிட்டி (ஜாமீனுக்குப் பொறுப்பேற்பவர்) கொடுத்து, ரிலீஸ் ஆர்டர் (கோர்ட் சிறைக்கு அனுப்பும் விடுதலை உத்தரவு) தயாரானதும், கோர்ட்டை விட்டுக் கிளம்பும் முன், எஃப்.ஐ.ஆர். நகலையும் ரிமாண்ட் வாரண்டையும் (ஆளைச் சிறைக்கு அனுப்பிய கோர்ட் உத்தரவு) பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: பெயர், தந்தை பெயர், போலீஸ் ஸ்டேஷன், கிரைம் நம்பர், அதன் வருடம், சட்டப்பிரிவுகள், சிறையில் கொடுத்த யு.டி.பி. (விசாரணைக் கைதி) எண்.

பெங்களூருத் தமிழர்களான நம்மவர்களுக்குச் சறுக்குவது பெயரில். ஆதாரில் ‘எஸ். முருகன்’, கன்னட எஃப்.ஐ.ஆரில் ‘முருகேஷ் பின் செல்வராஜ்’ (‘பின்’ என்றால் மகன்). எழிலரசன் கன்னடத்தில் எளிலரசன் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொரு ஆளாகவே மாறிவிடுவார். சிறைப் பதிவேடு ரிமாண்ட் வாரண்டைப் பார்த்து எழுதப்படுவது. எனவே ரிலீஸ் ஆர்டர் ஒத்துப்போக வேண்டியது அதனோடுதான், ஆதாரோடு அல்ல. இரண்டு பெயரும் புழக்கத்தில் இருந்தால் ‘அலியாஸ்’ போட்டு இரண்டையும் எழுதச் சொல்லி வக்கீல் மூலம் கேளுங்கள்.

அடுத்தது சட்டப்பிரிவு. உட்பிரிவு எண் ஒன்று விட்டுப்போனாலும் போதும். காஜியாபாத் சிறையில் இப்படி ஒரு உட்பிரிவு உத்தரவில் இல்லை என்பதற்காக ஒருவரை 28 நாள் கூடுதலாக வைத்திருந்தார்கள். உத்தரப் பிரதேச அரசு அவருக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சொல்லிச் சிறை வாசலில் வாதாடுவதைவிட, பிழையைக் கண்ட உடனே வக்கீல் மெமோ போட்டுத் திருத்தி வாங்குவது மேல். எழுத்துப் பிழையை அதே நீதிமன்றம் திருத்த, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 403 இடம் தருகிறது.

ஷ்யூரிட்டிக்கு உள்ளூர்க்காரர் என்றால் கட்டா (மாநகராட்சிச் சொத்துப் பதிவு), சொத்து வரி ரசீது, நிலம் என்றால் பஹணி (கர்நாடக நிலப் பதிவேட்டு நகல்), கூடவே ஆதார். ஓசூர், கிருஷ்ணகிரிச் சொந்தக்காரர் பட்டா, சிட்டாவோடு வந்தால், சரிபார்க்க நாள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்; மொழிபெயர்ப்பும் கேட்கலாம். வெளியூர் ஷ்யூரிட்டி என்பதற்காக மட்டும் மறுப்பதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே கண்டித்திருக்கிறது. கோர்ட் வளாகத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ஷ்யூரிட்டி பக்கம் போகவே வேண்டாம்: ஆவணம் போலி என்று தெரிந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும். ஆள் கிடைக்காவிட்டால் பணமாகக் கட்ட அனுமதி (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 490) அல்லது தொகையைக் குறைக்க (பிரிவு 484) மனுப் போடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆளை விடவில்லை என்றால், வேறு வழக்கில் பாடி வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக ஆஜர்படுத்தச் சொல்லும் கோர்ட் உத்தரவு) கிடக்கலாம். இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்த வழக்கிலும் ஜாமீன் வாங்காமல் கதவு திறக்காது. முன்பே முடிந்துபோன வழக்கின் வாரண்ட் பதிவேட்டிலிருந்து நீக்கப்படாமல் கிடப்பதும் உண்டு. அப்படியானால் அந்தக் கோர்ட்டிலிருந்து ரத்து உத்தரவு வாங்கி அனுப்ப வேண்டும்.

ஆர்டர், கைதிகளை அறைகளில் அடைக்கும் மாலை லாக்கப்புக்குப் போதிய நேரம் முன்பே போய்ச் சேரட்டும். மின்னஞ்சலில் போய்விட்டது என்று கோர்ட்டில் சொன்னாலும் சிறையில் பார்த்தார்களா என்று கேளுங்கள். குஜராத்தில் மின்னஞ்சலோடு வந்த ஆர்டர் கோப்பைச் சிறையில் திறக்காததால் ஒருவர் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு உள்ளேயே இருந்தார். 2023-ல் உயர் நீதிமன்றம் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

தாமதமானால் வாய்வார்த்தை வேண்டாம். சிறை சூப்பரின்டென்டென்டுக்கு எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட முத்திரையோடு நகல் வாங்குங்கள். 2023 ஜனவரி உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளிவராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிப்பது சூப்பரின்டென்டென்டின் கடமை. அவர் தெரிவிக்கக் காத்திருக்காமல் நீங்களே சித்தையா ரோட்டில் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கும் நியாய தேகுலா கட்டடத்துக்குப் போங்கள், அல்லது இலவசச் சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு மத்திய அரசுத் திட்டத்தில் பண உதவி கிடைக்கும். அதையும் அங்கேயே கேளுங்கள்.

ஜாமீனே கிடைக்காதவருக்கு பி.என்.எஸ்.எஸ். 479 இருக்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் உள்ளே கழித்திருந்தால் விடுவிக்கக் கோரலாம். வீட்டுத் திருட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு என்றால், மூன்றில் ஒரு பங்கு 2 ஆண்டு 4 மாதம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்துக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கும் இது பொருந்தாது. மனுப் போட வேண்டியவர் சூப்பரின்டென்டென்ட்தான். ஆனால் கைதான தேதியிலிருந்து கணக்குப் போட்டு, அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே அவர் மேசைக்குக் கடிதம் போய்விட வேண்டும்.