1890-களின் கோதிக் கதைகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராகுலா எப்படிச் சாகிறான் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். நெஞ்சில் மர ஆப்பு அடித்து என்பார் ஒருவர். வெயில் பட்டுச் சாம்பலாகி என்பார் இன்னொருவர். நாவலில் இரண்டும் நடப்பதில்லை. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதியபடி, சூரியன் மறையப்போகும் நேரத்தில் ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞரின் குக்ரி கத்தி அவன் கழுத்தை அறுக்கிறது. அதே நொடியில் குவின்சி மோரிஸ் என்ற அமெரிக்கனின் வேட்டைக் கத்தி நெஞ்சில் இறங்குகிறது. ஆப்பு வாங்குபவள், அவன் கடித்து ரத்தக்காட்டேரியாகிவிட்ட லூசி. (முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் இன்னும் சில முடிவுகள் அம்பலமாகப் போகின்றன.)

1890-களின் கோதிக் கதைகளை, அதாவது பேயும் சாபமும் மர்மமும் கலந்த பயங்கரக் கதைகளைப் படிக்கும்போது நாம் செய்யும் முதல் தவறு, பிறகு வந்த சினிமாக்களைப் பார்த்த கண்ணோடு படிப்பது. நாவலின் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலி தெருவில் நின்று ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கிறான். பகலில் அவன் சக்தி குறையுமே தவிர, வெயில் அவனைக் கொல்லாது. வெயிலுக்குக் கொல்லும் வல்லமையைக் கொடுத்தது 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படம். அனுமதி வாங்காமல் கதையை எடுத்ததற்காக ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பும் வந்தது. நீதிமன்றம் அழிக்கச் சொன்ன படம் கண்டுபிடித்த விதியைத்தான் இன்று உலகமே ரத்தக்காட்டேரியின் இலக்கணம் என்று நம்புகிறது. டிராகுலாவுக்கும் ஹார்க்கரின் மனைவி மினாவுக்கும் இடையிலான பிறவி கடந்த காதலும் நாவலில் கிடையாது. 1992-இல் கொப்போலா எடுத்த படத்தின் வேலை அது. அந்தப் படம் ஸ்டோக்கரின் பெயரையே தலைப்பில் சூட்டிக்கொண்டதால் குழப்பம் இரட்டிப்பானது.

இந்தக் கண்ணோடு படிப்பவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். முதல் நான்கு அத்தியாயங்கள் மலைக்கோட்டை, ஓநாய்கள், சுவரில் தலைகீழாக இறங்கும் டிராகுலா பிரபு என்று விறுவிறுப்பாகப் போகும். அதன்பின் பிரபு எப்போதாவதுதான் தலைகாட்டுகிறான். கடிதம், தந்தி, நாட்குறிப்பு, செய்தித்தாள் துணுக்கு என்று காகிதமாக வந்து குவிகிறது. "பேயைக் காணோமே" என்று அலுத்துக்கொள்கிறோம். என் வாதம் இதுதான்: பயம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. யார் கடிக்கிறார் என்பதைவிட யார் எழுதுகிறார் என்று பார்த்துப் படித்தால் இந்தப் பத்தாண்டின் கதைகள் வேறு மாதிரித் தெரியும்.

'டிராகுலா'வையே எடுத்துக்கொள்வோம். ஹார்க்கர் சுருக்கெழுத்தில் எழுதுகிறார். டாக்டர் சீவர்ட் ஃபோனோகிராஃப் உருளையில் பேசிப் பதிகிறார். இவற்றையெல்லாம் மினா தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். நடுவில் டிராகுலா வந்து மூலக் கையெழுத்துப் பிரதிகளையும் உருளைகளையும் நெருப்பில் போட்டுவிடுகிறான். இரும்புப் பெட்டியில் இருந்த இன்னொரு படிதான் மிஞ்சுகிறது. கடைசிக் குறிப்பில் ஹார்க்கரே ஒப்புக்கொள்கிறார்: இத்தனை ஆவணங்களில் உண்மையான மூலம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, எல்லாம் தட்டச்சுத் தாள்கள், இதை நம்பு என்று யாரையும் கேட்க முடியாது. கூட்டமாகச் சேர்ந்து ஒருவனைத் துரத்திக் கொன்றவர்கள் கையில் சாட்சியம் இவ்வளவுதான். கொல்லப்பட்டவன் தரப்பில் ஒரு பக்கம்கூட இல்லை.

ரிச்சர்ட் மார்ஷின் 'தி பீட்டில்' அதே 1897-இல் வந்து, அப்போது 'டிராகுலா'வைவிட அதிகம் விற்றது. அதன் முதல் பகுதியைச் சொல்பவன் ராபர்ட் ஹோல்ட், ஏழைகள் விடுதியிலும் இடம் மறுக்கப்பட்ட வேலையில்லாத குமாஸ்தா. பசியும் குளிருமாக ஒரு வீட்டின் திறந்த ஜன்னலுக்குள் ஏறுகிறான். எல்லாமே 'நான்' என்று தன்மையில் எழுதப்பட்டது. புத்தகத்தின் கடைசியில்தான், அந்த 'நான்' ஹோல்ட்டின் கையெழுத்து அல்ல, அவன் இறப்பதற்கு முன் சொன்னதைக் கேட்ட இருவரின் நினைவிலிருந்து தொகுத்தது என்று துப்பறிவாளர் போகிறபோக்கில் சொல்கிறார். அவசரமாகப் பக்கம் புரட்டுபவர்களுக்கு இந்த வரி கண்ணில் படுவதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த, அதே அளவு வயிற்றைப் புரட்டும் உதாரணம் நம் நாட்டில் நடப்பது. கிப்ளிங்கின் 'தி மார்க் ஆஃப் தி பீஸ்ட்' 1890-இல் வெளிவந்த சிறுகதை. புத்தாண்டு இரவில் குடித்துவிட்டு வரும் ஃப்ளீட் என்ற ஆங்கிலேயன், அனுமார் கோயிலுக்குள் புகுந்து சிலையின் நெற்றியில் சுருட்டை அணைக்கிறான். தொழுநோயாளி ஒருவர் அவன் மார்பில் தலையைச் சாய்க்கிறார். ஃப்ளீட் மெல்ல மிருகமாகிறான். இதைப் 'பழிவாங்கும் கோயில்' கதையாகப் படித்து முடித்துவிடுவதுதான் வழக்கமான தவறு. சாபத்தை நீக்கவைக்க, கதைசொல்லியும் போலீஸ்காரர் ஸ்ட்ரிக்லேண்டும் அந்த நோயாளியைப் பிடித்துக் கட்டி, துப்பாக்கிக் குழல்களை நெருப்பில் காய வைக்கிறார்கள். அடுத்து என்ன செய்தார்கள்? இந்தப் பகுதி அச்சிடுவதற்கல்ல என்று ஒரே வரியில் கதைசொல்லி கதவைச் சாத்திவிடுகிறான். தலைப்பில் இருக்கும் மிருகம் யார் என்ற கேள்வி அந்த வரியில்தான் எழுகிறது. கிப்ளிங் எவ்வளவு தூரம் இதை உணர்ந்து எழுதினார் என்று வாதிடலாம்; வரி அங்கே இருக்கிறது.

இங்கேயே இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். 'தி பீட்டில்' எகிப்திலிருந்து வந்த பயங்கரத்தைப் பற்றியது. அதன் இனவெறி வர்ணனைகள் கூசவைப்பவை. 'டிராகுலா'வும் கிழக்கிலிருந்து லண்டனுக்கு வீடு வாங்கிக் குடியேற வருபவனைப் பற்றியதுதான். 'அந்தக் காலம் அப்படி' என்று இதைத் தாண்டிப் போவதும், அதற்காகவே புத்தகத்தைத் தூக்கி எறிவதும் ஒரே மாதிரி சோம்பல். உலகெங்கும் போய்ப் பிடித்த பேரரசு, பிடிபட்டவர்கள் திரும்பி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நடுங்கியதன் பதிவுகள் இவை. டிராகுலாவின் கழுத்தில் இறங்குவது, அந்தப் பேரரசின் படையில் இருந்த கூர்க்காக்களின் குக்ரி என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

காலக் குழப்பம் அடுத்தது. பட்டியல் போடுபவர்கள் 'ஜெக்கில் அண்ட் ஹைட்'டை இந்தப் பத்தாண்டில் சேர்த்துவிடுகிறார்கள், அது 1886. 'கார்மில்லா' என்ற ரத்தக்காட்டேரிக் கதை 1872-க்குள் வந்துவிட்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையின் பாஸ்கர்வில் வேட்டைநாய் 1901-இல்தான் குரைக்கத் தொடங்குகிறது. வெறும் தேதிப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். லூசிக்கு நான்கு ஆண்கள் அடுத்தடுத்து ரத்தம் கொடுப்பதைப் படித்து, 'ரத்த வகை பார்க்காமலா?' என்று சிரிப்பவர்கள் உண்டு. ரத்த வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் கண்டறிந்தது நாவல் வந்த சில ஆண்டுகள் கழித்து, 1901-இல். அதேபோல, 1790-களின் கோதிக் கதைகளில் வரும் பாழடைந்த கோட்டைகளை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். இந்தப் பயங்கரங்கள் பெரும்பாலும் வாடகை வீட்டிலும் மாடியறையிலும் குடியிருக்கின்றன. கதைகள் மெலிந்ததற்கு வியாபாரக் காரணமும் உண்டு: வாடகை நூலகங்கள் 1894-இல் விலைக்குக் கிடுக்கிப்பிடி போட்டதும், மூன்று தொகுதி நாவல் என்ற வழக்கமே சாய்ந்தது. ஆர்தர் மேச்சனின் 'தி கிரேட் காட் பான்' அந்த ஆண்டில் மெல்லிய புத்தகமாக வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) தீர்ப்புச் சொல்லத் துடிப்பவர்களுக்கு வைத்த பொறி. கிராமத்து மாளிகையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியை பேய்களைக் காண்கிறாள். பேய் உண்மையா, ஆசிரியைக்குப் பித்தா? விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934-இல் பித்து என்று விரிவாக வாதிட்ட பிறகு, அதுதான் புத்திசாலித்தனமான பதில் என்று ஒரு நினைப்பு பரவிவிட்டது. பித்து என்றால், தான் பார்த்த உருவத்தின் சிவந்த சுருள்முடியையும் நீண்ட வெளிறிய முகத்தையும் ஆசிரியை வர்ணிக்க, அவள் அதுவரை கண்டிராத செத்துப்போன வேலைக்காரன் பீட்டர் குவின்ட்டின் பெயரை வீட்டைப் பராமரிக்கும் மிசஸ் குரோஸ் எப்படிச் சொன்னாள்? பேய் என்றால், ஏரிக்கரையில் ஆசிரியை விரல் நீட்டிக் காட்டிய இடத்தில் அதே மிசஸ் குரோஸுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? ஜேம்ஸ் இரண்டு கதவையும் அளந்து திறந்து வைத்திருக்கிறார். போதாததற்கு, கதை கிறிஸ்துமஸ் காலத்தில் ஒருவர் பிறர் முன் வாசிக்கும் பழைய கையெழுத்துப் பிரதியாகத் தொடங்குகிறது. முடியும்போது அந்த வாசிப்புக் கூட்டத்துக்கு நாம் திரும்பவே இல்லை. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் படிப்பது சாதாரணமாக நடக்கும் தவறு. ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே நாவல் 1890-இல் 'லிப்பின்காட்ஸ்' இதழில் 13 அத்தியாயங்களாக வந்தது, விமர்சகர்கள் பாய்ந்தார்கள், 1891 புத்தகத்தில் அது 20 அத்தியாயமானது. பழிவாங்க அலையும் ஜேம்ஸ் வேன் பிறகு சேர்க்கப்பட்டவன். டோரியனை வரைந்த ஓவியர் பேசில் கொலையாகும் இரவுகூட, டோரியனின் 32-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் என்பதிலிருந்து 38-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளாக மாறியது. குட்டன்பர்க் தளத்தில் இரண்டு வடிவமும் இலவசமாகக் கிடைக்கின்றன. நண்பரோடு விவாதிக்கும் முன் அத்தியாயத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ராபர்ட் சேம்பர்ஸின் 'தி கிங் இன் யெல்லோ' (1895) விஷயத்தில் ஏமாற்றம் வேறு வகை. படிப்பவரைப் பித்தாக்கும் நாடகம் முதல் நான்கு கதைகளில்தான் வரும். பின்பாதியில் பாரிஸில் படிக்கும் ஓவிய மாணவர்களின் காதல் கதைகள். சுருக்கப் பதிப்புகளோ, நான் மேலே சொன்ன கடிதம், நாட்குறிப்பு என்ற காகிதத்தைத்தான் முதலில் வெட்டுகின்றன.

எழுதியவரின் வாழ்க்கையைச் சாவியாக்குவதிலும் கவனம் வேண்டும். ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை. 'டிராகுலா' என்ற பெயரை 1890-இல் விட்பி என்ற ஆங்கிலேயக் கடற்கரை ஊரின் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் கண்டெடுத்தார். டிராகுலா என்று அழைக்கப்பட்ட, கழுவேற்றும் விளாத் அரசனின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார் என்பதற்கு அவருடைய குறிப்பேடுகளில் ஆதாரம் இல்லை.

சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' (1892) இதற்கு நேர்மாறாகத் தோன்றும். நரம்புத் தளர்ச்சிக்கு வியர் மிட்செல் என்ற மருத்துவரிடம் 'ஓய்வுச் சிகிச்சை' பெற்று, பேனாவையே தொடாதே என்று அனுப்பப்பட்டவர் அவர். கதையின் காரணத்தை 1913-இல் அவரே எழுதினார். ஆனால் கில்மன் மீண்டுவந்து எழுதியவர்; ஓய்வுக்காக மாடியறையில் வைக்கப்பட்டு, ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதும் கதையின் பெண் மீளாதவள். இருவரையும் ஒன்றாக்கினால் கதையின் கண்ணிகள் தெரியாமல் போகும். மாடியறையில் ஜன்னலுக்குக் கம்பி, தரையோடு அறையப்பட்ட கட்டில். முன்பு குழந்தைகள் அறையாக இருந்திருக்கும் என்று அவள் நமக்குச் சொல்கிறாள்; நாமும் தலையாட்டுகிறோம். சுவரின் அடிப்பகுதியில் அறையைச் சுற்றி நீளமாக ஒரு தேய்ந்த தடம். யார் செய்தார்கள், எதற்காக என்று வியக்கிறாள். கடைசிப் பக்கத்தில், தரையில் ஊர்ந்துகொண்டே, தன் தோள் அந்தத் தடத்தில் சரியாகப் பொருந்துகிறது என்கிறாள்.

இந்தக் கதைகளுக்குப் புதிதாக வருபவர்கள் 'டிராகுலா'வில் தொடங்காமல் இதில் தொடங்கலாம். ஒரே அமர்வில் முடிந்துவிடும். உடனே முதல் பக்கத்துக்குத் திரும்பி, கணவன் ஜானோ வேறு யாரோ வருவதாகச் சொல்லி, அவள் எந்தெந்த இடத்தில் எழுதுவதைப் பாதியில் நிறுத்துகிறாள் என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகு ஜேம்ஸ். கடைசியாக ஸ்டோக்கர், சுருக்காத பதிப்பில்.