இதய நோயாளியின் தொடைக்குக் ‘கரண்ட் வைக்கும்போது’ நடக்கும் தவறுகள்

இதயச் செயலிழப்பில் (இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) தொடை சூம்பிப்போய், கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாதவர்களுக்குத்தான் தசை மின்தூண்டல், அதாவது மின்துடிப்பால் தசையை இறுகித் தளரச் செய்யும் ‘கரண்ட் வைப்பது’, அதிகம் உதவும். நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ முடிகிறவருக்கு அந்தப் பயிற்சிக்கு இது ஈடாகாது.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடும். வலிக்கு வைக்கும் டென்ஸ் கருவியை வாங்கி வந்துவிடுகிறார்கள். அது நரம்பைக் கூசவைக்கும். தசைக்கு வேலை கொடுப்பதற்கென்று அமைந்ததல்ல. தேவையானது என்எம்இஎஸ் (NMES) எனும் தசை மின்தூண்டல் கருவி. அதில் தசை இறுகும் நேரத்தையும் ஓயும் நேரத்தையும் தனித்தனியே வைக்க முடிய வேண்டும்.

அடுத்தது தோலில் ஒட்டும் மின்முனையான பேட். ஒன்று கவட்டு மடிப்புக்குச் சுமார் 5 செ.மீ. கீழே, மற்றது முழங்கால் சில்லுக்கு 3 செ.மீ. மேலே. ஒரே சேனலின் (கருவியிலிருந்து வரும் ஒரு ஜோடி வயரின்) இரண்டு பேட்களும் ஒரே தொடையில்தான் இருக்க வேண்டும். பேட் சிறிதாக இருந்தாலும், ஜெல் காய்ந்திருந்தாலும் சுருக்கென்று குத்தும். நோயாளி மின்னோட்ட அளவைக் குறைக்கச் சொல்வார், பிறகு வெறும் கூச்சம்தான் மிஞ்சும். கூச்சத்தில் தசை வளராது. தொடைமேல் கை வைத்தால் தசை இறுகித் தளர்வது தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. சில நிமிடங்களில் உடம்பு பழகிவிடுவதால் அளவைச் சற்று ஏற்ற வேண்டிவரும். பரவலான ஒரு முறை: 25 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 25 மின்துடிப்பு), 5 விநாடி இறுக்கம், 5 விநாடி ஓய்வு, 30 முதல் 60 நிமிடம், வாரம் 5 நாள். முதல் நாளே ஒரு மணி நேரம் வைத்தால் மறுநாள் தொடைவலியில் ஆள் கருவியையே தொடமாட்டார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் கைவிட்டால் பலன் தெரியாது.

எடை கூடியதும் ‘சதை பிடித்துவிட்டது’ என்று மகிழ்வது இன்னொரு தவறு. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர். கருவியை ஓரங்கட்டிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் வீங்கியிருந்தால் மின்னோட்டமும் தசையைச் சரியாக எட்டாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு இருக்கலாம். கரண்ட் வைக்கவே கூடாது.

மிக ஆபத்தான தவறு, பேஸ்மேக்கர் (இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்க உடலில் பதிக்கும் கருவி) அல்லது ஐசிடி (ஆபத்தான இதயத் துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யப் பதிக்கும் கருவி) இருப்பவர் ‘தொடைதானே, நெஞ்சுக்குத் தூரம்தானே’ என்று வீட்டில் தாமே தொடங்குவது. இந்த மின்துடிப்பை இதயத் துடிப்பென்று எண்ணிப் பேஸ்மேக்கர் தன் வேலையை நிறுத்தக்கூடும். ஐசிடி தேவையின்றி ஷாக் கொடுக்கக்கூடும். இதய மருத்துவர் சம்மதித்தால் மட்டும், முதல் முறை மருத்துவமனையில், பேஸ்மேக்கரை அல்லது ஐசிடியைக் கண்காணித்தபடி கரண்ட் வைக்க வேண்டும்.

சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குப் பேட்டின் சூடு தெரியாது. ஒவ்வொரு முறையும் பேட்டை எடுத்ததும் தோலைப் பாருங்கள். கருவியை அணைத்த பிறகே பேட்டை உரியுங்கள்.